பறந்து போன ஆள் யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்களில் ஒருவருக்கு நான் ஒரு பதிலும் ஒரு பொருளும் பாக்கி வைத்திருக்கிறேன்.

போன வாரம் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். பழைய பாடக்குறிப்பேடுகளுக்கு அடியில் மஞ்சள் நிற வீடியோ கேம் கேசட் ஒன்று. மேலே ‘9999 இன் 1’ என்று ஒட்டியிருந்தது. பார்த்ததும் பகீரென்றது. 1990களின் நடுவில், ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனிடம் நான் பறித்து வைத்தது அது. "பரீட்சை முடிந்ததும் தருகிறேன்" என்றேன். அந்த மே மாதமே எனக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்துவிட்டது.

அப்போது இடைவேளை மணி அடித்தால் பையன்களுக்கு ஒரே பேச்சு, ‘கார் ரேஸ்’. "நீ சூப்பர்மேன் பார்த்தியா?" என்று கேட்டுக்கொள்வார்கள். மோதாமல் வெகுதூரம் ஓட்டினால், சாலையோரம் ஒருவன் பறந்து போவானாம். கேசட்டை வாங்கி வைத்த அன்று அந்தப் பையன் கேட்டான்: "டீச்சர், இதெல்லாம் யாரு செஞ்சிருப்பாங்க?" நான் சொன்னது: "படிக்கிற வேலையைப் பாருடா."

வரலாற்றுப் பாடம் நடத்துகிறவள் சொல்லக்கூடாத பதில். அது வரலாற்றுக் கேள்விதானே? இப்போது பேரனை உட்கார வைத்துத் தேடிப் படித்தேன்.

அந்த விளையாட்டின் பெயர் ‘ரோடு ஃபைட்டர்’. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1984ல் செய்தது. முதலில் அது கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்துக்காக வந்தது. மறு வருடம், 1985ல், வீட்டு டிவியில் ஆடும்படி மாற்றி எழுதினார்கள். நிண்டெண்டோவின் ‘ஃபேமிகாம்’ என்ற பெட்டிக்காக. அந்தப் பெட்டி ஜப்பானில் 1983ல் வந்தது.

அந்தக் காலத்தில் இப்படிப் பெரிய இயந்திரத்திலிருந்து சின்னப் பெட்டிக்கு மாற்றுவதே தனி வித்தை. அமெரிக்காவில் ‘ஸ்பை ஹண்டர்’ என்று ஒன்று 1983ல் வந்தது. காரிலிருந்து சுட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். அதற்கு ஸ்டியரிங், கியர், ஆக்ஸிலேட்டர் மிதி எல்லாம் உண்டு. 1987ல் அதை நிண்டெண்டோ பெட்டிக்கு மாற்றியபோது கையில் இருந்தது ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கருவி. திசைக்கு ஒரு சிலுவைப் பட்டன், மற்றபடி முக்கியமாக இரண்டே இரண்டு பட்டன்கள்.

ஃபேமிகாம் பெட்டியின் வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். ஏறத்தாழ 2,000 ஆங்கில எழுத்துகள் மட்டுமே கொள்ளும் இடம். அதற்குள் என்ன செய்வது? ‘ரோடு ஃபைட்டர்’ செய்தவர்கள் வீட்டுப் பெட்டிக்கு நான்கே பாதைகள் வைத்தார்கள். ஒரு பட்டன் நிதான வேகம், இன்னொன்று 400 கிலோமீட்டர் வரை. துப்பாக்கி கிடையாது. குறுக்கே வரும் வண்டிகள், லாரிகள், சாலையில் கொட்டிக் கிடக்கும் எண்ணெய், குறைந்துகொண்டே வரும் எரிபொருள், இவ்வளவுதான். இடித்தால் நேரம் போகும், எரிபொருள் தீரும். பயம் மட்டும் குறையவில்லை. பெரிய பாடத்தை ஐந்தாம் வகுப்புக்குச் சுருக்குகிற எங்களுக்கு, எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற அந்தக் கஷ்டம் தெரியும்.

சரி, அது காரைக்குடிக்கு எப்படி வந்தது? இறக்குமதி மின்னணுப் பொருள்களுக்கு அப்போது நம் நாட்டில் வரி மிக அதிகம். அதனால் நிண்டெண்டோ பெட்டியையே உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து, உரிமத்தோடு இங்கே பூட்டி, ‘சாமுராய்’ என்ற பெயரில் விற்றார்கள். நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள். சென்னைக்குப் போய் வந்தவர்கள் பர்மா பஜாரில் வாங்கி வந்தார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் பக்கத்து வீடுகளின் தூண்களைப் பாருங்கள், பர்மா தேக்கு. செட்டியார்கள் அங்கே கொண்டுவிற்கப் போனார்கள். அவர்களோடு கணக்கெழுதவும் கடையில் நிற்கவும் சாதாரணக் குடும்பங்களும் போயின. 1962ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். ஒரு வழியில் தேக்கு வந்தது, அந்த வழி அடைபட்ட பிறகு பிழைக்கப் போட்ட கடையிலிருந்து இந்தக் கேசட் வந்தது.

நகல் கேசட்டுகளில் பலவற்றில் முகப்பிலிருந்த நிறுவனத்தின் பெயரை அழித்துவிடுவார்கள். 9999 என்பதும் பொய்தான், சில விளையாட்டுகளையே திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். அதனால் ஆடிய பிள்ளைகளுக்குச் செய்தவர் யாரென்று தெரிய வழியில்லை. நம் பெரிய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்தைக் கண்ணாடி மாதிரி இழைத்த கொத்தனார் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்படித்தான் இதுவும்.

ஆனால் ஒன்றை அழிக்க மறந்துவிட்டார்கள். பேரன் செல்போனில் அந்த விளையாட்டைப் போட்டு மோதாமல் ஓட்டிக் காட்டினான். சாலையோரம் ஒருவன் பறந்து போனான். "அப்பத்தா, இது சூப்பர்மேன் இல்ல. கொனாமி மேன். அந்தக் கம்பெனியோட ஆளு" என்றான்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. செய்தவர்கள் உள்ளே போட்டு வைத்த கையெழுத்து அது! பையன்கள் தினமும் அதைத்தான் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கேசட்டுக்குள்ளேயே இருந்தது. அதைத்தான் நான் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும். நீ கேட்டது நல்ல கேள்வி. அன்று எனக்குப் பதில் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அது என் தப்பு. கேசட்டைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு வா.

மற்றவர்களும் உங்கள் ‘கார் ரேஸ்’ கதைகளைக் கீழே எழுதுங்கள். இந்த முறை திட்ட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காரைக்குடி