நூலகத்தின் வாசற்படி

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்பவர்க்குப் பாலவனத்தம் ஒரு நிறுத்தம் மட்டுமே. இருபுறமும் வானம் பார்த்த கரிசல். மழை பெய்தால் பருத்தியும் சோளமும் கம்பும். பெய்யாவிட்டால் வேலிக்கருவேலும் அனற்காற்றும். கண்மாயில் நீர் நிற்கும் மாதங்கள் குறைவு. இத்தகைய வறண்ட சீமையின் ஓர் ஊர் தமிழ் நூல்களின் வரலாற்றில் அழியா இடம் பெற்றிருக்கிறது என்பதை அவ்வழியே போவோரிற் பலர் அறியார். நூல்களை நாம் காப்பது எதற்காக? பழுதுற்ற நூலகத்தைப் புதுப்பிப்பது யாருக்காக? இவ்வினாக்களுக்கு விடை தேட அவ்வூரிலிருந்தே புறப்படுவோம்.

கிடைக்காத குறள்

பாலவனத்தம் ஜமீன்தார் பொன். பாண்டித்துரைத் தேவர் 1867-ஆம் ஆண்டு மார்ச் 21-இல் பிறந்தவர். சேதுபதிகளின் குடும்பத்தைச் சார்ந்தவர். சுவாமி விவேகானந்தரின் சிகாகோ பயணத்திற்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதிக்கு நெருங்கிய உறவினர். புலவர்களைப் போற்றியதோடு தாமும் புலமை பெற்றவராக விளங்கினார். உ.வே. சாமிநாதையரின் பதிப்புப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்களுள் அவரும் ஒருவர்.

1901-இல் அவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்திருந்தார். மேற்கோள் பார்ப்பதற்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டார். சங்கம் வளர்த்த நகரம் என்று பெயர் பெற்ற மதுரையில் அவை அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வேதனையே மதுரைத் தமிழ்ச் சங்கம் பிறக்கக் காரணமாயிற்று என்பது தமிழறிஞர் பலரும் கூறிவரும் செய்தி.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு. தேவருடைய மாளிகையில் நூல்களுக்குக் குறைவில்லை. வேண்டிய ஏட்டை எடுத்துப் படிக்க அவருக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. தமக்கு நூல் இல்லை என்பதன்று அவருடைய துயரம். தம் வீட்டில் இருப்பது ஊரில் இல்லையே என்பதுதான் அவரைச் சுட்டது. ஒரு செல்வர் பொதுநலத் தொண்டராக மாறியது அந்த நொடியில்தான் என்று கூறலாம்.

அவ்வாண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ச் சங்கம் தொடங்கப்பெற்றது. தமிழ் பயிற்றச் செந்தமிழ்க் கலாசாலை, நூல்களைத் தொகுத்து வைக்கப் பாண்டியன் புத்தகசாலை, அச்சிட ஓர் அச்சகம், ஆய்வுகளை வெளியிடச் 'செந்தமிழ்' என்னும் திங்களிதழ் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. செந்தமிழின் முதல் ஆசிரியராக இரா. இராகவையங்கார் அமர்ந்தார். தமிழின் முதற்பெருங் கலைக்களஞ்சியமாகப் போற்றப்படும் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-இல் அச்சங்கத்தின் வழியாகவே வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1911 டிசம்பர் 2-இல், தேவர் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

நூலோடு பிறந்த உறவு

பாலவனத்தத்தாரின் தமிழன்பு கடல் கடந்தும் சென்றது. தேவரின் தந்தையார் பொன்னுசாமித் தேவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை ஆதரித்தவர். நாவலர் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தது அவருடைய ஆதரவினால். மகன் நிறுவிய சங்கமோ யாழ்ப்பாணத்துக் கு. கதிரவேற்பிள்ளை தொகுத்த பேரகராதியை அச்சேற்றியது. சேது நாட்டுக் கரையும் யாழ்ப்பாணக் கரையும் நூலால் இணைந்தவை. ஆதலின், நூலகம் ஒன்றைப் புதுப்பிப்பதன் பொருளை ஆராயும் நாம் அக்கரைக்குச் செல்வது அயலூருக்குச் செல்வதாகாது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் மிக எளியது. க.மு. செல்லப்பா என்னும் அன்பர் 1933-இல் தம் இல்லத்திலேயே நூல்களைப் பிறருக்குப் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியோர் அவருடன் கைகோத்தனர். 1934-இல் வாடகைக்கு எடுத்த ஓர் இடத்தில் 844 நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது. அது வளர்ந்தபோது தக்கதொரு மனை எழுப்ப முன்னின்று உழைத்தவர் அயர்லாந்து நாட்டினரான அருள்தந்தை லோங் அடிகளார். புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபர். நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். இரங்கநாதன் ஆலோசனை நல்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் கே.எஸ். நரசிம்மன் வரைபடம் தீட்டினார். 1959-இல் அது திறக்கப்பட்டது. முகப்பில் கலைமகள் சிலை. வளாகத்தில் லோங் அடிகளாரின் சிலை. அறிவின் வாசலில் சமய வேலி இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தீயும் தழும்பும்

1981 மே 31-ஆம் நாள் நள்ளிரவுக்கும் ஜூன் முதல் நாளுக்கும் இடையே அந்நூலகம் கொளுத்தப்பட்டது. காவல் காக்க வேண்டிய சீருடையினரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் அக்கொடுமையைச் செய்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழிப் புலவரும் சொற்பிறப்பு ஆய்வாளருமான தாவீது அடிகளார், நூலகம் எரிவதைக் கல்லூரி மாடியிலிருந்து கண்டு, அந்த அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார் என்று யாழ்ப்பாண மக்கள் சொல்வர். நூலுக்காக ஒரு குருவின் இதயம் நின்றுவிட்டது என்னும் செய்தி நம்மை எளிதில் உறங்க விடாது.

அச்சிட்ட நூலை மீண்டும் வாங்கிவிடலாம். ஒரே படியாக இருந்த சுவடியை எங்கே வாங்குவது? 1679-இல் அச்சான புரோயன்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி உரோமையில் வத்திக்கான் நூலகத்தில் காக்கப்பட்டிருந்தது. அதனால்தான் தனிநாயகம் அடிகளாரால் 1966-இல் அதனை மறுபதிப்பாக நமக்குத் தர முடிந்தது. காத்து வைத்த கை ஒன்று எங்கோ இருந்தது. யாழ்ப்பாணத்தில் எரிந்த சுவடிகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. எனவே, புதுப்பித்தல் என்னும் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சுவரைப் புதுப்பிக்கலாம், சாம்பலைப் புதுப்பிக்க இயலாது.

எரிந்த கட்டடத்தை ஓரளவு சீர்செய்து 1984-இல் மீண்டும் நடத்த முயன்றனர். அடுத்த ஆண்டே போரினால் அதுவும் சிதைந்தது. 1998-இல் இலங்கை அரசு, ஆளுக்கொரு நூலும் ஒரு செங்கல்லும் தருமாறு மக்களை வேண்டி, மறுசீரமைப்பைத் தொடங்கியது. பழைய வடிவிலேயே, வெண்ணிற முகப்போடும் குவிமாடத்தோடும், கட்டடம் மீண்டும் எழுந்தது. அப்போது யாழ்ப்பாணத்தார் சிலர் ஒரு கேள்வி எழுப்பினர். கரிபடிந்த சுவர்கள் நடந்த அநீதிக்குச் சாட்சிகள் அல்லவா? அவற்றிற்கு வெள்ளையடிப்பது சாட்சியை மறைப்பதாகாதா? எரிந்ததை நினைவுச் சின்னமாக விட்டுப் புதியதை வேறிடத்தில் கட்டலாகாதா? 2003 பிப்ரவரியில் குறிக்கப்பட்டிருந்த திறப்பு விழாவும் எதிர்ப்பினால் தடைப்பட்டது. விழாவின்றியே பின்னர் அதன் கதவுகள் மக்களுக்குத் திறந்தன.

அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால், உயிர்த்த ஆண்டவரைப் பற்றி யோவான் நற்செய்தி கூறுவதை எண்ணிப் பார்க்கிறேன். சாவை வென்ற அவ்வுடல் முழுமை பெற்ற உடல். எனினும் ஆணித் தழும்புகள் அதில் மறையவில்லை. தோமாவிடம் அவர் அவற்றை மறைக்கவுமில்லை. தொட்டுப் பார்க்க அழைத்தார். உயிர்ப்பு என்பது காயத்தை மறப்பதன்று. காயத்தோடு எழுந்து நின்று பிறருக்கு அமைதி கூறுவது. புதுப்பிக்கப்பட்ட நூலகமும் அவ்வாறே இருத்தல் வேண்டும். நடந்ததைக் கேட்கும் பிள்ளைக்கு ஒளியாது சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அப்பிள்ளையின் கையில் ஒரு நூலையும் கொடுக்க வேண்டும். இடிபாடு சாட்சி சொல்லும். ஆயின் அது எழுத்தறிவிக்காது.

காண வருவோரும் கற்க வருவோரும்

2009-இல் போர் முடிந்தபின் தெற்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் திரள் திரளாக அந்நூலகத்தைக் காண வந்தனர். வருவோரை வரவேற்பது நன்றே. எரித்த இனத்தின் பிள்ளையும் எரிந்த இனத்தின் பிள்ளையும் ஒரே படிக்கட்டில் நிற்பதே ஒப்புரவின் முதற்படியாகலாம். ஆயினும் உள்ளே தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு அமைதி வேண்டும். கூட்டம் பெருகுவதை மட்டுமே வெற்றியென்று கருதினால் நூலகம் காட்சிக்கூடமாகிவிடும். கூட்டமே வேண்டாம் என்றால் அது மீண்டும் சிலருடைய மாளிகையாகிவிடும். பார்க்க வந்தவரைப் படிக்க வைப்பதே நூலகத்தாரின் உண்மையான திறமை.

அரசர்கள் இரண்டாம் நூலில் இதற்கொரு விளக்கு உண்டு. அரசர் யோசியா பழுதுற்ற கோவிலைச் சீர்ப்படுத்தத் தச்சர்களையும் கொத்தர்களையும் அமர்த்தினார். அவ்வேலை நடந்தபோதுதான் மறக்கப்பட்டுக் கிடந்த திருச்சட்ட நூல் கிடைத்தது. மன்னர் அதனைக் கருவூலத்தில் பூட்டி வைக்கவில்லை. சிறியோர் முதல் பெரியோர் வரை அனைவரையும் கூட்டி, அவர்கள் கேட்க அதனை வாசித்தார். கல்லும் மரமும் செப்பனிடப்பட்டன என்பதோடு அந்த வரலாறு முடிந்திருந்தால் நாம் இன்று அதனை நினைத்துப் பார்க்க மாட்டோம்.

நம் கையிலுள்ள சாவி

1901-இல் குறள் கிடைக்காத மதுரையில் 2023 ஜூலை 15-ஆம் நாள் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. பாலவனத்தத்துப் பெருமகன் கண்டால் உளம் குளிர்வார். ஆனால் நகரத்து நூலகத்தால் கரிசல் காட்டுப் பிள்ளையின் பசி ஆறிவிடுமா? தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு ஆலைக்குச் சென்றும் பிழைக்கும் பெற்றோர் பேருந்துக் கட்டணம் கொடுத்து மகளை மதுரைக்கு அனுப்புவரோ?

நம் பங்கு இல்லங்கள் பலவற்றில் கண்ணாடிக் கதவிட்ட அலமாரி ஒன்று இருக்கிறது. உள்ளே வீரமாமுனிவரின் தேம்பாவணியும் புனிதர் வரலாறுகளும் பழைய மாத இதழ்களும் அடுக்கியிருக்கும். வெளியே பூட்டு தொங்கும். குற்றம் சாட்ட இதனை எழுதவில்லை. நானும் அத்தகைய சாவியை மேசை இழுப்பறையில் பல ஆண்டுகள் வைத்திருந்தவன்தான். பிள்ளைகள் கிழித்துவிடுவர் என்று அஞ்சினேன். கிழியாமல் இருந்த நூல்களைக் கரையான் தின்றது. பிள்ளையின் கையில் கிழிந்திருந்தால் ஓர் உள்ளத்திலாவது அவை எஞ்சியிருக்கும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

ஆதலால் அன்பர்களே, பங்கு இல்லத்திற்கு அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அந்த அலமாரியையும் நினைவிற் கொள்வோம். செல்லப்பா தம் வீட்டுக் கதவைத் திறந்ததுபோல, மாலையில் ஒரு மணி நேரம், ஒரு பாய், ஒரு விளக்கு, பொறுப்பான ஓர் இளைஞர் என்று தொடங்கினாலும் போதும். எச்சமயத்துப் பிள்ளை வந்தாலும் உள்ளே அழைப்போம். வறண்ட சீமையில் கண்மாய் வெட்டுவது புண்ணியம் என்று நம் முன்னோர் கருதினர். நூலகத்தைத் திறந்து வைப்பதும் கண்மாய் வெட்டுவதே. கரையைக் கட்டுவதோடு பணி முடிவதில்லை. மடையைத் திறந்தால்தான் வயலுக்கு நீர் சேரும்.