தோட்டத்திலிருந்து மின்நிலையத்திற்கு: பிறை எரிவாயு நிலையங்கள் கூறும் வரலாறு

தாசெக் குளுகோர் வட்டாரத்து மலாக்கோப் தோட்டத்தைக் கெப்பாலா பத்தாஸ் தமிழர்கள் நன்கறிவர். பால்மரங்களை நம்பி நம் முன்னோர் வாழ்ந்த மண் அது. அதே பெயர் தாங்கிய நிறுவனம் ஒன்று, தோட்டத்தொழிலில் தொடங்கி, 1990களில் மின்னுற்பத்தித் துறைக்கு மாறியது. 2003ஆம் ஆண்டில் பிறையில் 350 மெகாவாட் திறனுடைய எரிவாயு மின்நிலையத்தை இயக்கவும் செய்தது. நம் வட்டாரம் கண்ட பொருளாதார மாற்றத்தின் சுருக்கம் இப்பெயரின் பயணத்தில் அடங்கியுள்ளது.

எரிவாயுவைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்னும் குரல் இன்று உலகெங்கும் எழுகின்றது. அது நம் நாட்டில் இடம்பெற்ற விதமும் ஓர் எரிபொருள் மாற்றமே என்பதை நாம் மறத்தலாகாது. 1970களில் தீபகற்ப மின்நிலையங்களுள் பெரும்பாலானவை எண்ணெயையே எரித்தன. 1973, 1979 ஆம் ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகள் அதன் ஆபத்தை உணர்த்தின. 1981இல் அரசு வகுத்த நான்கு எரிபொருட் கொள்கை, எண்ணெயோடு எரிவாயு, நீர்வளம், நிலக்கரி ஆகியவற்றையும் பயன்படுத்த வழிவகுத்தது. திரங்கானு கடற்பகுதியில் கிடைத்த எரிவாயுவைக் கெர்த்தேயில் பதப்படுத்திக் குழாய்வழி அனுப்பும் பணி 1984இல் முதற்கட்டத்தை நிறைவுசெய்தது. 1990களின் இறுதியில் அக்குழாய் வடமாநிலங்களை எட்டியது.

இதனிடையே, 1992 செப்டம்பர் 29ஆம் நாள் தீபகற்பம் முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதனையடுத்துத் தனியார் மின்னுற்பத்தியாளர்களுக்கு உரிமம் வழங்கப்பட்டது. விரைவில் கட்டி முடிக்கத்தக்கவை என்பதால் அவர்கள் எரிவாயு நிலையங்களையே பெரிதும் நாடினர்.

இந்நிலையங்களின் சிறப்பு யாது? எரிவாயுவை எரித்து ஒரு சுழலியை இயக்குவர். அதிலிருந்து வெளிவரும் வெப்பக் காற்றைக் கொண்டு நீரைக் கொதிக்கவைத்து, அந்நீராவியால் மற்றொரு சுழலியையும் இயக்குவர். பிறையில் தெனாகா நேஷனல் நிறுவனம் 2016இல் இயக்கத் தொடங்கிய 1,071 மெகாவாட் நிலையம் இம்முறையினதே. இத்தகைய புதிய நிலையங்கள் எரிபொருளாற்றலில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை மின்சாரமாக்க வல்லவை. ஓர் அலகு மின்சாரத்திற்கு நிலக்கரி வெளியிடும் கரியமிலவாயுவில் இவை வெளியிடுவது ஏறக்குறையப் பாதியே. கதிரவன் மறைந்து சூரிய மின்சாரம் குறையும் மாலை வேளையில் இவற்றின் உற்பத்தியை விரைந்து உயர்த்தவும் இயலும்.

எனினும் குறைகளும் உள. குழாய்களிலும் கிணறுகளிலும் கசியும் மீத்தேன், கரியமிலவாயுவினும் பன்மடங்கு வெப்பத்தைத் தேக்குவது. நம் எரிவாயு வளமும் வற்றாத ஊற்றன்று. மலாக்காவின் சுங்கை ஊடாங் முனையத்தில் 2013 முதல் திரவ எரிவாயு இறக்குமதியாகின்றது. 2023இல் வெளியான தேசிய ஆற்றல் மாற்ற வழிகாட்டித் திட்டம், 2050க்குள் மின்னுற்பத்தித் திறனில் எழுபது விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக அமைய வேண்டும் என்கின்றது. அதுவரை எரிவாயு ஓர் இடைக்காலப் பாலம் என்பதே திட்டத்தின் கருத்து. பாலத்தைக் கடக்கலாம்; அதன்மேல் வீடு கட்டலாகாது.

இங்கு நம் சமூகம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையோடு குடியிருப்பையும் இழந்தனர். அவர்களுக்காக எவரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. பாதிப்பு நேர்ந்த பின்னரே, 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கியது. சிலருக்கு அது கைகொடுத்தது; பலருக்குக் காலம் கடந்துவிட்டது.

மின்நிலையங்களிலும் அவற்றைச் சார்ந்த தொழில்களிலும் இன்று நம் பிள்ளைகள் பணிபுரிகின்றனர். பிறையின் சுழலிகள் ஓயும் நாள் வரும்முன்னரே, சூரிய ஆற்றல், மின்கலன், மின்கட்டமைப்பு ஆகிய துறைகளில் அவர்கள் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். தோட்டத் துண்டாடல் கற்பித்த பாடத்தை மீண்டும் அதே விலை கொடுத்து நாம் கற்க வேண்டியதில்லை.