தெள்ளுப்பூச்சியும் வேப்பெண்ணெயும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், பூனைக்குட்டிக்கு ஒரே தெள்ளுங்க. நாய்க்கு வாங்கின சொட்டு மருந்து மிச்சம் இருக்குது, அதையே விட்டரட்டுங்களா? அத்தை வேப்பெண்ணெய் போதும்கிறாங்க." ரெண்டும் வேண்டாம் கண்ணு, முதலில் கால்நடை மருத்துவரிடம் போ என்றேன். காரணத்தை எல்லோருக்குமாக எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

நம் கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைத் திரும்பத் திரும்ப வாட்டியது. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்து, வெளியே குடிசை போட்டுத் தங்குவார்கள். அது மூடநம்பிக்கை இல்லை. எலி செத்ததும் அதன் மேலிருந்த தெள்ளு, பசியோடு மனிதனைத் தேடி வரும். 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கண்டு சொன்னார். பல வருடம் யாரும் நம்பவில்லை. (அது எலித்தெள்ளு. நாய், பூனை மேல் இருப்பது வேறு வகை, பயந்துவிடாதீர்கள்.)

அப்புறம் வந்தது டி.டி.டி. அதன் பூச்சிக்கொல்லும் குணத்தை 1939இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு. 1953இல் மலேரியா ஒழிப்புக்காக வீட்டுச் சுவர்களில் அடித்தார்கள். கொசுவோடு தெள்ளும் போனது. நல்லது செய்தது என்பதை மறைக்கக் கூடாது. அந்தத் தைரியத்தில்தான் அடுத்து வந்த பி.எச்.சி. பவுடரை வயலுக்கும், நாய்க்கும், எறும்புப் புற்றுக்கும் ஒரே கையால் தூவினோம். மண்ணிலும் பாலிலும் தங்கிவிடும் அந்த நஞ்சை அரசு 1997இல்தான் தடை செய்தது.

இப்போது 'இயற்கையா, கெமிக்கலா' என்று சண்டை போடுபவர்களுக்கு ஒரு செய்தி. நாய்ச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின், ஒருவகைச் சாமந்திப் பூவின் நஞ்சைப் பார்த்து 1973இல் இங்கிலாந்தில் உருவாக்கியது. பூவிலிருந்து வந்த யோசனைதான். நாய் தாங்கும்; பூனையின் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது. வலிப்பு வந்து உயிரே போகலாம்.

வேம்புக்கு வருவோம். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாவற்றையும் தின்றுவிட்டு வேப்பமரத்தை மட்டும் விட்டுப்போனதை ஜெர்மானியர் ஷ்முட்டரர் கவனித்தார். அதிலுள்ள அசாடிராக்டின், பூச்சி உண்பதையும் வளர்வதையும் தடுக்கிறது, உடனே கொல்லாது. ஐரோப்பாவில் வேப்பெண்ணெய்க்குத் தந்த காப்புரிமையை நம்மவர்களும் சேர்ந்து போராடி 2000இல் ரத்து செய்ய வைத்தார்கள், 2005இல் மேல்முறையீடும் தோற்றது. பெருமைதான். ஆனால் பெருமை வேறு, அளவு வேறு. பூனை உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. எண்ணெயை அப்படியே தடவினால் எல்லாம் வயிற்றுக்குள் போய், வாயில் எச்சில் ஒழுகி, நடுக்கம் வரும். வசம்பு, பூண்டு அரைத்துப் பூசுவதும் மாட்டுக்குச் சரி, பூனைக்கு வேண்டாம்.

என் கணிப்பில், மருந்தைவிட வீட்டுத் தரைதான் முக்கியம். நாய் மேல் காண்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கைச் சாக்கிலும் தரை வெடிப்பிலும் இருக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும், எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. அதனால் சாக்கைச் சுடுதண்ணீரில் துவைத்து, நல்ல வெயிலில் போடுங்கள். தினமும் சந்துபொந்தெல்லாம் கூட்டுங்கள். பேன் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். குட்டிக்கு ஈறு வெளுத்திருந்தால் தெள்ளு ரத்தத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சொட்டு மருந்து வாங்கும்போது பெட்டியில் 'பூனைக்கு' என்று போட்டிருக்கிறதா, எடை எவ்வளவு என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.