சோழவரம் ஓடுபாதையும் காரின் இறக்கையும்

வேகம் கூடக்கூட சாதாரண கார் லேசாகிறது. வளைந்த கூரையின் மேல் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைந்து, கார் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. டயரின் பிடி அதன் மேல் விழும் பாரத்தைப் பொறுத்தது. ஆகவே வளைவில் பிடி அதிகம் தேவைப்படும் அந்த வேகத்தில்தான் அது குறைந்துபோகிறது. இதை மாற்ற, விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அழுத்துவதுதான் டவுன்ஃபோர்ஸ்.

1966-இல் அமெரிக்கரான ஜிம் ஹால் தமது சாப்பரல் 2இ காரில் உயரமான கம்பங்களின் மேல் இறக்கை நிறுத்தினார். அந்தக் கம்பங்கள் பின்சக்கரத் தாங்கிகளிலேயே ஊன்றியிருந்ததால், அழுத்தம் ஸ்பிரிங்கைத் தொடாமல் நேரே டயருக்குப் போனது. 1968-இல் ஃபார்முலா ஒன் கார்களும் இறக்கை கட்டிக்கொண்டன. மறு ஆண்டு மே மாதம் பார்சிலோனாவின் மொஞ்சுயிக் பாதையில் இரண்டு லோட்டஸ் கார்களின் இறக்கைகள் ஓட்டத்தின் நடுவே முறிந்து விழ, உயரமான இறக்கைகள் உடனே தடை செய்யப்பட்டன.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் கார்ப் பந்தயம் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்துகொண்டிருந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. வெளிநாட்டுக் கார் எளிதில் கிடைக்காத காலம் அது. ஃபியட், ஹெரால்டு போன்ற வீட்டு உபயோகக் கார்களைத்தான் பெரும்பாலும் பட்டறையில் பிரித்து, எடை குறைத்து, தரையோடு தாழ்த்தி ஓட்டினார்கள். இப்படித் தாழ்த்துவதும் ஒருவகையில் காற்று வேலைதான்: அடிப்பாகத்தில் புகும் காற்று குறையும், காரின் எடை மையமும் கீழே இறங்கும்.

பந்தயக் காரை முழுதாக இங்கேயே கட்டும் வேலையை ஊன்றிச் செய்தவர் கோவையின் எஸ். கரிவரதன். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து, 1980-களின் கடைசியில் அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார்தான் ஃபார்முலா மாருதி. நாராயண் கார்த்திகேயன் உட்பட ஒரு தலைமுறையே அதில் பழகியது. 1990-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை வந்தது. 1995-இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பின்னாளில் கோவையிலேயே உருவான எல்ஜிபி ஃபார்முலா 4 காரில் இறக்கை இல்லை. இது குறையல்ல, நல்ல முடிவு. சிறிய எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கை இறக்கையின் காற்றுத்தடையே தின்றுவிடும். இறக்கை இல்லாத காரில் பிரேக்கை எப்போது விடுவது, பாரத்தை முன்டயருக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதை ஓட்டுநர் உடம்பால் கற்க வேண்டும். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடிய ஃபார்முலா 4 கார்கள் முன்னும் பின்னும் இறக்கை கொண்டவை. அவற்றில் இறக்கையின் சாய்வை ஓரிரு டிகிரி மாற்றும்போது முன், பின் பிடி இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

இனி பந்தயப் பாதையை விட்டுச் சாலைக்கு வருவோம். திண்டுக்கல்லிலிருந்து கோவைக்கு, ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக தேசிய நெடுஞ்சாலை 83 போகிறது. இந்தச் சாலையில் ஓடும் முன்சக்கர இயக்கக் கார் ஒன்றின் பின்னால் பெரிய இறக்கை மாட்டினால் என்ன ஆகும்? முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர், இறக்கை பின்அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது, 160 கிலோமீட்டர் வேகத்தில் அது 40 கிலோ அழுத்துகிறது என்று கொள்ளலாம். நெம்புகோல் கணக்கில் பின்அச்சு 50 கிலோ பெறும். முன்அச்சு 10 கிலோ இழக்கும். ஸ்டியரிங்கும் இழுவையும் முன்சக்கரங்களில்தான். ஆக, எங்கே பிடி வேண்டுமோ அங்கே அது குறைகிறது. வளைவில் கார் திரும்ப மறுத்து வெளிப்பக்கம் போகும். முன்பம்பரின் அடியில் ஸ்ப்ளிட்டர் எனும் தட்டையான தகடு வைத்து முன்பாரத்தை மீட்ட பிறகே பின்இறக்கையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அதே இறக்கை 80 கிலோமீட்டரில் 10 கிலோதான் அழுத்தும். ஓட்டுநர் அதை உணரவே மாட்டார். சாலையில் ஓடும் காரில் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எனவே இறக்கை, ஸ்ப்ளிட்டர் வேலையெல்லாம் செட்டிப்பாளையம், இருங்காட்டுக்கோட்டை போன்ற பாதைகளில் ஓட்டும் கார்களுக்கே உரியது.