கர்நாடகத்தில் துணை முதல்வர் பதவியும் சமூக வாக்குகளும்: 1993 முதல் 2023 வரை

முன்னுரை

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர் துணைத் தலைவர் வேட்பாளரைத் தேடும்போது, எந்த வட்டாரத்தின், எந்தச் சமூகத்தின் வாக்கு தம்மிடம் குறைவு என்பதையும் எண்ணிப் பார்க்கிறார். 1960-இல் வடகிழக்கைச் சேர்ந்த கத்தோலிக்கரான ஜான் கென்னடி, டெக்சாஸின் லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். 2016-இல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி வாக்காளர்களை முன்னிட்டு ஹூலியன் காஸ்ட்ரோவின் பெயர் பலமாக அடிபட்டது. ஆனால் ஹிலாரி கிளின்டன் தேர்ந்தெடுத்தது ஸ்பானிய மொழியில் மேடையேறிப் பேசக்கூடிய டிம் கெய்னை. அந்தத் தேர்தலில் இருவரும் தோற்றார்கள்.

பெங்களூரு விதான சௌதாவில் இதே கணக்கு துணை முதல்வர் பதவியை வைத்துப் போடப்படுகிறது. முதல்வர் ஒரு சமூகத்தவர் என்றால் துணை முதல்வர் வேறு சமூகத்தவராக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்தப் பதவியால் கட்சிக்கு வாக்கு கிடைத்ததா, அந்தச் சமூகத்துக்கு அதிகாரம் கிடைத்ததா என்ற இரு கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்புலம்

பழைய மைசூர் மாநிலத்தின் முதல்வர்களான கே. சி. ரெட்டி, கெங்கல் ஹனுமந்தையா, கடிதாள் மஞ்சப்பா மூவரும் ஒக்கலிகர்கள். 1956 நவம்பர் 1-இல் பம்பாய், ஹைதராபாத் மாநிலங்களின் கன்னடப் பகுதிகள் இணைந்ததும் லிங்காயத்துகளின் எண்ணிக்கை பலம் கூடியது. நிஜலிங்கப்பா தொடங்கி வீரேந்திர பாட்டீல் வரை, 1971 முடிய, முதல்வர் நாற்காலி அவர்களிடமே இருந்தது. 1972-இல் முதல்வரான தேவராஜ் அரஸ் சிறுபான்மைச் சாதியொன்றைச் சேர்ந்தவர். ஹாவனூர் ஆணையம், நிலச் சீர்திருத்தம் ஆகியவற்றின் வழியே பிற்படுத்தப்பட்டோரைத் தனி அரசியல் சக்தியாக்கியவர் அவர். அதன்பின் எந்த ஒரு சமூகமும் தனியே ஆள முடியாத நிலை உருவாயிற்று. துணை முதல்வர் பதவிக்குத் தேவை பிறந்தது இங்கேதான்.

அரசமைப்புச் சட்டத்தில் அப்படியொரு பதவி கிடையாது. துணை முதல்வர் என்பவரும் ஓர் அமைச்சரே என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. அமைச்சரவையின் அளவைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்குள் அடக்கிய 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 224 இடங்கள் கொண்ட கர்நாடகத்தில் முதல்வரையும் சேர்த்து 34 பேர்தாம் அமைச்சராக முடியும். ஆனால் அவர்களில் எத்தனை பேரையும் துணை முதல்வர் என்று அழைக்கலாம். சட்டத்தின் வரையறை இல்லாததால், சமூகங்களை மனநிறைவு கொள்ளச் செய்யும் எளிய வழியாக இப்பதவி வளர்ந்தது.

முதல் கட்டம்: 1993–1999

1989-இல் 178 இடங்களை வென்ற காங்கிரஸ், மீண்டும் முதல்வராகியிருந்த வீரேந்திர பாட்டீலை மறு ஆண்டே பதவியிலிருந்து நீக்கியது. லிங்காயத்துகள் மனம் கசந்தார்கள். இந்த நிலையில் 1992-இல் கடலோரத்தின் சிறிய பிற்படுத்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த வீரப்ப மொய்லி முதல்வரானார். 1993-இல் ஒக்கலிகரான எஸ். எம். கிருஷ்ணா மாநிலத்தின் முதல் துணை முதல்வரானார். 1994 தேர்தலில் காங்கிரஸ் 34 இடங்களுக்குச் சுருங்கியது. புண்பட்டது ஒரு சமூகம், பதவி போனது இன்னொரு சமூகத்துக்கு. ஒக்கலிகர்களைப் பொறுத்தவரை, எதிர்முகாமில் தேவ கௌடாவே முதல்வராகும் நிலையில் இருந்தார்.

115 இடங்களுடன் ஆட்சிக்கு வந்த ஜனதா தளம், ஒக்கலிகரான தேவ கௌடாவை முதல்வராகவும், லிங்காயத்தான ஜே. எச். பட்டேலைத் துணை முதல்வராகவும் அமர்த்தியது. 1996-இல் கௌடா பிரதமரானதும் பட்டேல் முதல்வரானார். குருபர் சமூகத்தின் சித்தராமையா துணை முதல்வரானார்.

இரண்டாம் கட்டம்: 2004–2008

2004-இல் காங்கிரஸ்–மதச்சார்பற்ற ஜனதா தளம் (ம.ஜ.த.) கூட்டணியில் சித்தராமையா மீண்டும் துணை முதல்வர். சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகளை ஒன்றுசேர்க்கும் 'அஹிந்தா' மாநாட்டில் அவர் முன்னின்றதும், 2005-இல் பதவி பறிபோனது. அந்த இடம் லிங்காயத்தான எம். பி. பிரகாஷுக்குப் போயிற்று. சமூகத்தின் அடையாளமாக இருந்தவரைக்கும் பொறுத்துக்கொண்ட ம.ஜ.த. தலைமை, அவர் சமூகங்களின் தலைவராக எழுந்தபோது பொறுக்கவில்லை. ஆயினும் அஹிந்தாவில் திரட்டிய அந்தப் பலமே 2013-இல் அவரைக் காங்கிரஸ் முதல்வராக்கியது.

2006-இல் ம.ஜ.த.வின் குமாரசாமி முதல்வராகவும் பா.ஜ.க.வின் எடியூரப்பா துணை முதல்வராகவும் 20 மாதங்களுக்கு ஒருவர் என்ற ஒப்பந்தத்தில் ஆட்சி அமைத்தனர். 2007-இல் முறைப்படி ஆட்சியைக் கைமாற்ற ம.ஜ.த. மறுத்தது, பின்னர் இணங்கினாலும், எடியூரப்பா பதவியேற்ற சில நாட்களிலேயே ஆதரவை விலக்கிக்கொண்டது. ஒரு லிங்காயத்துத் தலைவருக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே வட கர்நாடகம் அதைக் கண்டது. 2008-இல் பா.ஜ.க. 110 இடங்களைப் பெற்றது; ம.ஜ.த. 58-லிருந்து 28-ஆகக் குறைந்தது. கொடுத்த பதவியைவிட மறுத்த பதவியே அந்தத் தேர்தலில் அதிகம் பேசியது.

பதவிகள் பெருகிய காலம்: 2012–2021

2012-இல் ஜகதீஷ் ஷெட்டர் அமைச்சரவையில் ஒக்கலிகரான ஆர். அசோகாவும் குருபரான ஈஸ்வரப்பாவும் துணை முதல்வர்கள். முதல்வரோ லிங்காயத்து. மூன்று பெரிய சமூகங்களும் மேடையில் இருந்தும், எடியூரப்பா தனிக்கட்சி கண்ட 2013 தேர்தலில் பா.ஜ.க.வுக்குக் கிடைத்தவை 40 இடங்கள்.

2018-இல் ஜி. பரமேஸ்வரா, கர்நாடகத்தின் முதல் தலித் துணை முதல்வரானார். 2019-இல் முதல்வரான எடியூரப்பா, கோவிந்த கார்ஜோள், அஷ்வத் நாராயண், லக்ஷ்மண் சவதி என மூவரை அமர்த்தினார்: ஒரு தலித், ஓர் ஒக்கலிகர், ஒரு லிங்காயத்து. வால்மீகி நாயக்கரான ஸ்ரீராமுலுவுக்கு அந்தப் பதவி கிடைக்கும் என்று அவர் ஆதரவாளர்கள் எதிர்பார்த்தனர். கிடைத்தது அமைச்சர் பதவி மட்டுமே. 2018-இல் பாதாமியில் சித்தராமையாவை எதிர்த்து நிறுத்தப்பட்டு, 1,696 வாக்குகளில் தோற்றவர் அவர். 2021-இல் பசவராஜ் பொம்மை முதல்வரானபோது துணை முதல்வர் பதவியே இல்லாமல் போயிற்று.

2023: தேர்தலுக்கு முன்பே அமைந்த இணை

அமெரிக்க முறைக்கு மிக நெருங்கியது 2023 தேர்தல். 2020 முதல் மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த டி. கே. சிவகுமார், பழைய மைசூர் வட்டாரத்தில் தம் ஒக்கலிக சமூகத்தாரிடம் வெளிப்படையாகவே ஆதரவு கேட்டார். சித்தராமையா அஹிந்தா வாக்குகளுக்கு முகமாக நின்றார். காங்கிரஸ் 135 இடங்களை வென்றது, ம.ஜ.த. 37-லிருந்து 19-க்கு இறங்கியது. விலைவாசி, ஊழல் புகார்கள், ஐந்து வாக்குறுதிகள் ஆகியவற்றுக்கும் இவ்வெற்றியில் பங்குண்டு. எனினும் பழைய மைசூரில் நிகழ்ந்த மாற்றத்தை இந்த இணையைத் தவிர்த்து விளக்க இயலாது. மே 20-இல் கண்டீரவா அரங்கில் சிவகுமார் ஒரே துணை முதல்வராகப் பதவியேற்றார்.

முடிவுரை

முதல் கேள்விக்கான விடை தெளிவு. வாக்குப்பதிவுக்கு முன்பே மக்கள் முன் நிறுத்தப்பட்ட, சொந்தச் செல்வாக்குள்ள தலைவரே வாக்குகளைக் கொண்டுவருகிறார். ஆட்சியின் கடைசிக் காலத்தில் சமாதானத்துக்காகக் கொடுக்கப்படும் பதவி தோல்வியைத் தடுப்பதில்லை. 1994-உம் 2013-உம் அதற்குச் சான்று.

இரண்டாம் கேள்விக்கான விடை கவலைக்குரியது. சிவகுமாருக்கு முன் இப்பதவி வகித்த பதினொருவரில் கிருஷ்ணா, பட்டேல், சித்தராமையா, எடியூரப்பா ஆகிய நால்வர் முதல்வரானார்கள். ஓர் ஒக்கலிகர், இரு லிங்காயத்துகள், ஒரு குருபர். எல்லோரும் எண்ணிக்கை பலமுள்ள சமூகத்தினர். இரு தலித் துணை முதல்வர்களுக்கும் அந்தப் படி எட்டவில்லை. கர்நாடகம் இன்றுவரை ஒரு தலித் முதல்வரைக் கண்டதில்லை. 1993 முதல் 2023 வரை பதவியேற்ற பன்னிருவரில் ஒரு பெண் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை, பழங்குடிப் பட்டியலைச் சேர்ந்த ஒருவரும் இல்லை.

ஆகவே ஒரு சமூகத்துக்குத் துணை முதல்வர் பதவி அறிவிக்கப்படும்போது, அந்தச் சமூகத்தின் வாக்காளர்கள் கேட்க வேண்டியவை மூன்று: எந்தத் துறை, எவ்வளவு நிதி, அடுத்து முதல்வராகும் உரிமை உண்டா? இவற்றுக்கு விடை தராத கட்சிக்கு, பதவியின் பெயரை மட்டும் நம்பி வாக்களிக்கத் தேவையில்லை.