லாங் பீச் கணக்கெடுப்பு: ஒரு மறுவாசிப்பு

கம்போடிய அகதிகளின் மனநலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓர் எண்ணைத் தவறாமல் எடுத்தாளுகிறார்கள்: 62 சதவீதம். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆன பின்னும், 35 முதல் 75 வயது வரையிலான கம்போடியர்களில் இத்தனை பேருக்கு மனவடு நோய் (PTSD) இருந்தது. 51 சதவீதத்தினருக்குக் கடும் மனச்சோர்வு. 2003-க்கும் 2005-க்கும் இடையே 490 பேரை நேரில் பேட்டி கண்டு எடுத்த கணக்கு இது; 2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. கம்போடியாவில் நடந்த கெமர் ரூஜ் ஆட்சி உண்டாக்கிய காயம் கடல் கடந்தும் ஆறவில்லை என்பதே இதற்குப் பெரும்பாலோர் தரும் விளக்கம்.

விளக்கம் பாதி சரி. மீதிப் பாதி அதே ஆய்வுக்குள்ளேயே கிடக்கிறது.

பேட்டி தந்தவர்களில் 99 சதவீதத்தினர் பட்டினியால் சாவின் விளிம்புவரை போனவர்கள். 90 சதவீதத்தினர் உறவினரையோ நண்பரையோ கொலைக்குப் பறிகொடுத்தவர்கள். அநேகமாக எல்லாருமே பட்ட துயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவர் ஏன் நோயுற்றார், பக்கத்து வீட்டுக்காரர் ஏன் தப்பினார் என்று சொல்லிவிட முடியாது. பட்ட கொடுமைகள் கூடக்கூட நோயும் கூடியது உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 70 சதவீதத்தினர் அமெரிக்காவுக்கு வந்த பிறகும் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். அந்த வன்முறைக்கும் நோயோடு தொடர்பு தெரிகிறது. வறுமையிலும் வேலையின்றியும் இருந்தவர்களிடம் நோய் அதிகம்.

லாங் பீச்சில் இவர்களுக்கு வீடு கிடைத்தது குண்டர் குழுக்கள் துப்பாக்கியோடு மோதிக்கொண்ட வட்டாரங்களில். அதே மாநிலத்தின் ஸ்டாக்டன் நகரில் 1989 ஜனவரி 17 அன்று ஒருவன் தொடக்கப்பள்ளி மைதானத்தில் சுட்டுத் தள்ளியதில் ஐந்து பிள்ளைகள் இறந்தார்கள். நால்வர் கம்போடியக் குடும்பத்துப் பிள்ளைகள், ஒன்று வியட்நாமியப் பிள்ளை. இந்தத் துக்கத்தைக் கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் கணக்கில் எழுத முடியுமா?

நோயுற்றவர்கள் அமெரிக்காவில் தங்களுக்கு நேர்ந்த வன்முறையை மிகைப்படுத்தி நினைவுகூர்வார்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. அப்படியானால் கால் நூற்றாண்டுக்கு முந்தைய பட்டினியின் நினைவு அதைவிடச் சந்தேகத்துக்குரியது. மறுப்பாளர்கள் அதைக் கேள்வி கேட்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய 1,161 வியட்நாமியரை ஆராய்ந்து 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை வேறு படத்தைத் தருகிறது. அங்கே மனநோய்க்கான வாய்ப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்தது. பலவகைக் கொடுமைகளுக்கு ஆளானவர்களிடம் மட்டும் பத்தாண்டுக்குப் பிறகும் அது கூடுதலாகவே நின்றது. இரு சமூகங்களின் இழப்பும் ஒன்றல்ல, ஆகவே இந்த ஒப்பீட்டை அளவோடுதான் கொள்ள வேண்டும். ஆயினும், சென்று சேர்ந்த இடமும் நோயைத் தீர்மானிக்கிறது என்று கொள்ள இது இடம் தருகிறது.

லாங் பீச் பேட்டிகள் தொடங்கியபோது, 2002-இல் கம்போடியாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, குற்றத் தண்டனை பெற்ற கம்போடிய அகதிகளை அமெரிக்கா நாடு கடத்தத் தொடங்கியிருந்தது. இனி வரும் ஆய்வுகள் நாடு கடத்தப்படும் அச்சத்தையும் கேள்விப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.