கையாளிலிருந்து மேஸ்திரி வரை: வைட்ஃபீல்டில் கட்டடத் தொழில் கற்ற வரலாறு

வைட்ஃபீல்டில் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு இவ்வூரின் வரலாறு ஐ.டி.பி.எல். கட்டடத்தோடு தொடங்குகிறது என்று ஓர் எண்ணம். அது 1994இல் உருவான கூட்டு முயற்சி. ஊரோ 1882ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்க, அச்சங்கத்தை நடத்திய ஒயிட் என்பாரின் பெயர் ஊருக்கு நிலைத்தது. நிலம் கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. சுவர் எழுப்பியவர் பெயர்தான் எங்கும் இல்லை. அந்தக் கை எப்படித் தொழில் கற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெங்களூருக்கும் தமிழ்க் கொத்தனாருக்கும் உள்ள உறவு தண்டு காலத்தது. 1809இல் தண்டு அமைந்தபின் படையோடு சேர்ந்து வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தச்சர், கொல்லர், கொத்தனார் பலர் வந்து அல்சூர்ப் பக்கம் குடியேறினர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தது. அந்தப் பாதையில்தான் நம் வைட்ஃபீல்ட் நிலையமும் நிற்கிறது. அதே ஆண்டு தொடங்கி 1868இல் முடிந்த அட்டாரா கச்சேரியை, இன்றைய உயர்நீதிமன்றக் கட்டடத்தை, ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். 1873இல் ஒரு பள்ளியையும் அவர் நிறுவினார். அல்சூரை அடுத்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் வீரர்களுக்குத் தச்சு, கொத்து, கொல்லு வேலைகள் முறையாகக் கற்றுத் தரப்பட்டன. அவ்வீரர்களுக்கு இன்றும் படையில் 'தம்பி' என்றே செல்லப்பெயர். ஆக, தொழிலைப் பட்டாளத்தில் கற்றவர் சிலர். மற்ற எல்லோரும் கற்றது சாரத்தின் மேலேதான்.

அந்தப் பள்ளியின் முதல் வகுப்பு 'கையாள்'. திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் மாமனோடோ சித்தப்பாவோடோ வருவான். மணல் சலிப்பது, செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுவது, சாந்துச் சட்டி தூக்குவது என்று ஓரிரு வருஷம் போகும். கலவையின் பதம் அப்போதே கைக்குத் தெரிந்துவிடும். "தண்ணி ஜாஸ்திடா" என்று மேலேயிருந்து குரல் வந்தால் அதுதான் பாடம். பிறகு ஒருநாள் கொத்தனார் டீ குடிக்கப் போன இடைவெளியில் பையன் கரண்டியைக் கையில் எடுப்பான். திட்டு விழாவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள். முதலில் உள்சுவரில் மறைவான இடத்தில் பூச்சு. அப்புறம் செங்கல் வரிசை. நடு வரிசை எளிது. மூலை பிடிப்பதுதான் வித்தை. தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் மூன்றையும் ஒத்துப் பார்த்து மூலை எழுப்பத் தெரிந்தவனே கொத்தனார். தப்பாக எழுந்த சுவரை உதைத்துத் தள்ளிவிட்டு, "மறுபடி கட்டு" என்று சொல்லும் மேஸ்திரிகள் இருந்தார்கள். கூலியும் வெட்டுவார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. குருகுலம் என்று நாம் பெருமை பேசும் முறையில் இதுவும் உண்டு.

கொத்தனார் மேஸ்திரி ஆவதற்கு வேறு திறமை வேண்டும். வரைபடம் படிப்பது, சதுர அடிக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று மனக்கணக்குப் போடுவது, ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பது, சனிக்கிழமை சம்பளம் பிசகாமல் கொடுப்பது. எங்கள் தெருவில் வீடுகள் எழுந்த காலத்தில் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். பீடிக்கட்டு அட்டையின் பின்புறம் கோடு கோடாகப் போட்டு நாற்பது பேர் கணக்கை வைத்திருந்தார். ஒரு ரூபாய் தவறியதில்லை.

மேஸ்திரி என்ற சொல்லே கடல் கடந்து வந்தது. போர்த்துகீசிய 'மெஸ்த்ரெ', அதாவது ஆசான். கன்னடத்திலும் அதே மேஸ்திரிதான். நம் காரை அங்கே 'காரெ'. ஐரோப்பாவிலும் பயிலுநர், கூலிக் கைவினைஞர், ஆசான் என்று மூன்று படி இருந்தது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது; 1814இல் அது நீங்கியது. அவர்கள் படிக்கும் நம் படிக்கும் வேறுபாடு, ஒரு காகிதம். அங்கே பயிலுநர் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது. இங்கே வாய்ச்சொல்.

இந்தியாவில் அந்தக் காகிதத்தைக் கொண்டுவர முயன்றது 1961ஆம் ஆண்டுத் தொழிற்பயிலுநர் சட்டம். 1950லேயே தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் ஐ.டி.ஐ.களில் எலெக்ட்ரீஷியனுக்கு இரண்டு ஆண்டு, பிளம்பருக்கு ஓராண்டு என்று படிப்பு இருக்கிறது. படித்தபின் ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையுடன் பயிற்சி, முடிவில் தேசியச் சான்றிதழ். 2019இல் வந்த விதித் திருத்தப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிலுநரை எடுக்க வேண்டும். ஏட்டில் எல்லாம் சரிதான். ஆனால் சாரத்தில் நிற்கும் பையனுக்கு முதலாளி யார்? பெரிய கம்பெனிக்குக் கீழே ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர், அதற்கும் கீழே மேஸ்திரி. சட்டம் மேல்படியிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போன பையனுக்குச் சான்றிதழ் இருக்கிறது. அவன் அப்பாவுக்கு முப்பது வருஷ அனுபவம் இருந்தும் ஒன்றும் இல்லை.

இந்த ஏணியில் ஒரு படி பெண்களுக்கு வைக்கப்படவே இல்லை. சித்தாள் என்பது சிற்றாள், சிறிய ஆள். ஆண் 'பெரியாள்' ஆகிக் கொத்தனார் ஆவான். சித்தாளாக வந்த அம்மா இருபது வருஷம் கழித்தும் சித்தாள்தான், கூலியும் குறைவுதான். கலவை பதம் அவளுக்குத் தெரியாததா? கரண்டியை யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவே. இதை நம் சங்கக் கூட்டங்களில் நாம் பேசியதும் இல்லை.

ஐ.டி.பி.எல். வந்தபின் தொழிலே மாறியது. ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் கலவை போடும் கை தேவையற்றுப் போயிற்று. அலுமினியப் பலகை அடைத்து முழுச்சுவரையும் கான்கிரீட்டாகவே வார்க்கும் அடுக்குமாடிகளில் மூலை பிடிக்கும் வித்தைக்கு வேலை இல்லை. அங்கே கம்பி கட்டவும் பலகை அடைக்கவும் பீகார், ஒடிசா, வங்கத்துத் தம்பிகள் வந்துவிட்டார்கள். நம்மவர் டைல்ஸ், பெயிண்டிங், வீடு பழுதுபார்ப்பு என்று நகர்ந்தார்கள். சிலர் சிறு ஒப்பந்ததாரர் ஆனார்கள். அந்தப் பையன்களும் நம் பையன்களைப் போலவே மாமன் கையைப் பிடித்துத்தான் வருகிறார்கள், மொழிதான் வேறு.

கட்டடத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று 1985இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் தேசிய அளவில் ஒரு பிரசாரக் குழு அமைந்தது. தமிழ்நாட்டில் 1994இல் நலவாரியம் வந்தது. மத்தியச் சட்டம் 1996இல் வந்தது. கர்நாடக வாரியம் 2007இல்தான். 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பழைய நிபந்தனையையே வைத்திருக்கிறது: வயது 18 முதல் 60க்குள், முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை. வாரியங்கள் மாநிலவாரியானவை. ஊரில் எடுத்த அட்டையை நம்பி இங்கே இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2020 ஊரடங்கில் கர்நாடக அரசு பதிவுபெற்ற கட்டடத் தொழிலாளர் கணக்கில் முதலில் 2,000 ரூபாயும் பிறகு 3,000 ரூபாயும் போட்டது. பதிவு செய்யாதவருக்கு அது இல்லை.

பீடி அட்டையில் கணக்கு வைத்த அந்த மேஸ்திரி அப்போது என்னிடம் வந்தார். தொண்ணூறு நாள் வேலை செய்ததற்குச் சான்று கேட்டார்கள். "சார், இந்தத் தெருவுல ஏழு வீடு நான் கட்டினது. எந்த வீட்டுல போய்க் கையெழுத்து வாங்கட்டும்?" என்றார். கடைசியாகக் கட்டிய வீடு எது என்று கேட்டு, இருவரும் அந்த வாசலுக்குப் போனோம்.